புரி

முற்றுகையின் நாற்பதாம் நாள்
மதிலுக்கு வெளியே எங்கள் நெல்லை அடித்தார்கள்.
இரவெல்லாம் அந்தச் சத்தம்.
நான் களஞ்சியத்தில் அளப்பவன்,
காதாலேயே கணக்குப் போட்டேன்:
வடக்கு வயல் முடிந்தது,
இப்போது கீழைப்பற்று,
ஓடைக்கரையில் பிந்தி விதைத்தது இன்னும் நிற்கிறது.
உள்ளே ஆளுக்கு அரை நாழி.
அதிலும் கால் பங்கு உமி.

வேந்தன் ஓலையில் எங்களை
"நம் துணைவர்" என்றே எழுதிவந்தான்.
துணைவர் ஆண்டுக்கு இருநூறு பேரை அனுப்ப வேண்டும்,
அவன் போருக்கு, அவன் கொடியின் கீழ்.
செத்தவனுக்கு நடுகல் மட்டும் எங்கள் செலவு.
அவையில் ஓர் இருக்கை கேட்டோம்.
சிரித்தார்களாம்.
அந்தச் சிரிப்பைக் கேட்டு வந்த நெடுங்கோடன்
வரிநெல் ஏற்றிய ஓடங்களை
அவிழ்க்காமல் கரையிலேயே கட்டிவைத்தான்.
அவ்வளவுதான் எங்கள் கலகம்.

அரிசிலாற்றின் வாய்க்கால் தலைப்பை அவர்கள் மறித்தபின்
அகழி முழங்காலுக்கு இறங்கியது.
பிள்ளைகள் சேற்றில் விலாங்கு பிடித்தார்கள்.
இரண்டு நாள் விருந்துபோல இருந்தது.

கிழக்கு வாயிலில் கூலிக்கு நின்ற யவனன்,
எங்கள் வாய்க்குக் காயன்,
அரைத்தமிழில் சொன்னான்:
"என் ஊரும் துணை.
ரோமாபுரி துணை என்றது. பிறகு சுற்றி நின்றது.
முதலில் மதில் ஏறி வந்தவன்
எங்கள் பேச்சுப் பேசினான்."
அப்புறம்? என்றேன்.
"அப்புறம் ஏர் ஓட்டினார்கள்."
நல்லதுதானே என்று நினைத்தேன்.
"தெருவில்" என்றான், நான் கேட்காமலே.

நாற்பத்திரண்டாம் இரவு
அகழியில் வைக்கோல் கட்டுகள் விழத் தொடங்கின.
எங்கள் வயல், எங்கள் வைக்கோல்,
பாலமாகி எங்களை நோக்கி வந்தது.
கொக்கி போட்டு ஒன்றை மேலே இழுத்தேன்.
இருட்டில் புரியைத் தடவினேன்.
இடக்கை முறுக்கு, இரண்டு சுற்று,
நுனியைச் செருகாமல் வெளியே விட்ட கட்டு.
ஊரில் ஒருவன்தான் அப்படிக் கட்டுவான்.
செருகித் தொலையேன்டா என்று
அறுவடைதோறும் திட்டியிருக்கிறேன்.
என் தம்பி எழினி.
மூன்றாண்டு முன் இருநூற்றில் ஒருவனாய்ப் போனவன்.

நான் பெயர் சொல்லி அழைக்கவில்லை.
கீழே யாரோ இருமினார்கள்.
வைக்கோல் தூசியில் யார்தான் இருமமாட்டார்கள்.

காயன் பந்தத்தை எறியவில்லை.
என் கையில் தந்தான்.
"ஊர் உன்னது."

நாணற்குடியில் இப்போது நல்ல விளைச்சல்.
வீடுகள் இருந்த மேட்டில்கூடப் பயிர் நிற்கிறது.
வேந்தன் களஞ்சியத்துக்கு அளப்பவன் நான்தான்.
கட்டுகளில் நுனி செருகியிருக்கிறதா என்று
ஒவ்வொன்றாய்ப் பார்ப்பேன், பழக்கம்.
யார் கேட்டாலும் சொல்கிறேன்:
அன்று பனி அதிகம்.
ஈர வைக்கோல்.
பற்றவில்லை.