முள்ளம்பன்றி கடித்த காய்

நாளொன்றுக்கு முந்நூறு கோப்பை.
உறிஞ்சு, நாக்கில் சுழற்று, துப்பு.
குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலைக்கு
என் நாக்கு ஒரு சுங்கச்சாவடி.
சம்பளமே துப்புவதற்குத்தான்.
விழுங்குகிறவள் மதியத்துக்குள் படுத்துவிடுவாள்.

வீட்டில் மட்டும்
விழுங்குவதற்கென்று ஒன்று காய்ச்சுகிறேன்.
அரசாணிக்காய் பியர்.
நீங்கள் சிரிப்பது தெரிகிறது.
அருமைநாயகமும் சிரித்தார்.

போன வருடத்துச் சரக்கு
கூழ் மாதிரி கனத்தது.
கிராம்பை அள்ளிப் போட்டிருந்தேன்,
பல்வலிக்காரன் வாய்போல மணத்தது.
ஒரு மிடறு குடித்துவிட்டு
"இது குடிக்கவா, சுவருக்குப் பூசவா?" என்றார்.
அதற்குள் நான்
பழக்கதோஷத்தில் வாஷ்பேசினுக்கு ஓடி
முதல் வாயைத் துப்பியிருந்தேன்.

மீதி பாட்டில்களில் ஒன்று
நடுராத்திரியில் வெடித்தது.
இருபத்திரண்டு வருடம் அருவங்காட்டில்
வெடிமருந்தோடு புழங்குகிற மனிதர்
கட்டிலுக்கடியில் குப்புறக் கிடந்தார்
காதைப் பொத்திக்கொண்டு.

அதனால் இந்தமுறை லேசாக.
லேசாகவும் கொஞ்சம் இனிப்பாகவும்.
இரண்டும் சேர்ந்து வருவதில்தான் சிக்கல்.
ஈஸ்டுக்குப் போதும் என்ற சொல் தெரியாது.
கடைசிப் பந்தியில் உட்கார்ந்த பையன் மாதிரி
இனிப்பைக் காலி செய்துவிட்டுத்தான் எழும்.

மார்க்கெட்டில் பெள்ளி
ஒரு காயைச் சாக்குக்கு அடியில் தள்ளிவைத்திருந்தான்.
"முள்ளம்பன்றி கடிச்சதுக்கா.
வேணும்னா பாதி விலைக்கு எடுத்துக்குங்க."
காட்டில் எத்தனை காய் கிடந்தது என்றேன்.
நாற்பது இருக்கும் என்றான்.
நாற்பதில் இது ஒன்றைத்தான் கடித்திருக்கிறது.
உளி வைத்ததுபோல இரண்டு பல்தடம்.
பேரம் பேசாமல் முழு விலை கொடுத்தேன்.
நிபுணர் கருத்துக்கு நாங்களும் காசு வாங்குகிறவர்கள்தானே.

கடித்த பக்கத்தை அரிந்து எறிந்துவிட்டு
மிச்சத்தைத் துண்டு போட்டு
ஓரம் கருகும்வரை சுட்டேன்.
முளைகட்டி உலர்த்திய பார்லியில்
மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தேன்.
கிராம்பு இரண்டே இரண்டு.
இஞ்சி, சுண்டுவிரல் நகமளவு.
கசப்புக்கு, பெங்களூரிலிருந்து கூரியரில் வந்த
ஹாப்ஸ் பூ, ஒரு சிட்டிகை.

அப்புறம் சூடு.
அறுபத்தொன்பது டிகிரி, ஒரு மணிநேரம்,
கையில் தெர்மாமீட்டரோடு நின்றேன்.
அந்தச் சூட்டில் பார்லி விடுகிற இனிப்பில் ஒரு பங்கு
ஈஸ்டின் பல்லுக்கு அகப்படாது.
அது எனக்கு.

டிசம்பர் குளிரில் வாளி விறைத்துப்போகும் என்று
அவருடைய பழைய ஸ்வெட்டரை அதற்கு மாட்டினேன்.
கழுத்து வழியாகக் குழாய் நீட்டிக்கொண்டு
யாரோ விருந்தாளி மாதிரி
சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தது.
குளுக்.
குளுக்.

மனிதருக்குத் தூக்கம் வரவில்லை.
டார்ச்சோடு எழுந்துபோய்
பழைய டைரியில் குறித்து வைத்தார்:
இரவு 1.10, நிமிஷத்துக்குப் பதினொன்று.
இரவு 3.40, நிமிஷத்துக்கு ஒன்பது.
பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரையை
என்னை அளக்க விடவில்லை.
தங்கம் நிறுப்பதுபோல் அவரே நிறுத்தார்.
அடைத்ததைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கினார்.
ஈரச்சாக்கு போர்த்தினார்.
"சிரிக்காதே," என்றார்.

மூன்றாவது ஞாயிறு திறந்தோம்.
தெருவிளக்கை மூடுபனி தின்றுகொண்டிருந்த நேரம்.
மூடி மெல்ல மூச்சு விட்டது, அவ்வளவுதான்.
வடித்த சாயத்தின் நிறம்.
நுரை ஒரு விரல் உயரம், உடனே அமர்ந்துவிட்டது.

உறிஞ்சினேன். நாக்கில் சுழற்றினேன்.
மேலே சுட்டகாயின் கருகல், அடியில்
தேனுக்கு ஒரு தெரு தள்ளியிருக்கும் இனிப்பு.
கனமில்லை. இஞ்சி எங்கேயோ தூரத்தில்.
கன்னத்துக்குள் வைத்துக்கொண்டு
குறிப்பேட்டைத் தேடியது கை.

அருமைநாயகம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"துப்பப் போறியா?"

வாய் நிறைய இருந்ததால் பதில் சொல்லவில்லை.
சக்கையைக் கொட்டிய வேலியோரம்
கிலுகிலுவென்று ஏதோ சத்தம்,
பனைஓலைப் பாய் இழுபடுவதுபோல.
இரண்டு பேரும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினோம்.
பனியில் ஒன்றும் தெரியவில்லை.

மறுபடி டம்ளரைப் பார்த்தபோதுதான் கவனித்தேன்,
வாயில் ஒன்றுமில்லை.