சாக்குக்குக் கீழே தெரிந்த கால்

முதலில் தொடையில் ஒரு நீலம்.
மறுகா முழங்கைக்கு மேலே, ஐந்து விரல் பதிந்தமாதிரி.
களுதாவளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கையில்
பக்கத்து வளவுத் தங்கேஸ்வரி
என் சேலைத் தலைப்பை இழுத்து மூடிவிட்டுக் கேட்டாள்:
"அவர் குடிக்கிறவரா புள்ள?"
அவர் குடிப்பது பிளேன்டி, அதுவும் சீனி போடாமல்.
அடித்தது ஆரெண்டு எனக்கே தெரியாது.

பல் துலக்கினால் கோப்பை சிவந்தது.
தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிற கை
மேசையில் பட்ட இடமெல்லாம் நாவற்பழம்.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி.
பிளேட்லெட் ஒன்பதாயிரம்.
"ஒன்றரை லட்சமாவது இருக்கவேணும்" என்றார் டொக்டர் றிஸ்மியா,
மாத்திரைப் பெட்டியைத் திருப்பி
அதன் முதுகில் பேனையால் ஒரு வட்டம் கீறினார்.

பி கலமாம். எலும்பு மச்சைக்குள் பிறக்குமாம்.
ஒவ்வொன்றும் ஒரேயொரு முகத்தைத்தான் அறியுமாம்.
அந்த முகம் வரும்வரை காத்துக் கிடக்கும்;
வராமலே செத்துப்போவதுதான் கனக்க.
வந்தால் பெருகும்,
பெருகிப் பிறபொருளெதிரியைக் கக்கும்.
அது போய் ஒட்டும். அவ்வளவுதான்.
'இதுதான்' என்று காட்டும்.
கொல்லுகிற ஆக்கள் வேறு,
அவர்கள் மண்ணீரலுக்குள் நிற்கிறார்கள்.

"சின்னமுத்து வந்தால் சின்னமுத்தைக் காட்டும்.
உங்களுக்கு, உங்கட ரத்தத்தையே காட்டிக் குடுக்குது."

காட்டிக் குடுக்குது.
சாதாரணமாய்த்தான் சொன்னார்.
தொண்ணூறில் அவர் பிறந்திருக்கமாட்டார்.

பள்ளிக்கூட மைதானம், பத்து மணி வெயில்.
வரிசையில் என் அண்ணன் கோணேசன், பொத்தான் மாறிப் போட்ட சேட்டோடு.
கதிரையில் ஒரு சாக்கு இருந்தது. சாக்கில் இரண்டு ஓட்டை.
அது பேசவில்லை.
ஒருக்கால் கீழே, ஒருக்கால் மேலே,
அவ்வளவுதான்.
எல்லாரும் ஓட்டையைப் பார்த்தார்கள்.
எனக்குப் பதினொரு வயசு, உயரம் போதாது,
காலைப் பார்த்தேன்.
இடது பெருவிரலில் நகம் இல்லை.

மாத்திரைக்கு முகம் ஊதியதே மிச்சம்.
பிறகுதான் இந்த ஊசி, சேலைன் போத்தலில், நாலு மணித்தியாலம்.
"பி கலம் எதெண்டு இதுக்கு எப்பிடித் தெரியும்?"
"இதுவும் ஒரு பிறபொருளெதிரிதான் அம்மா,
பாதி எலி, பாதி மனுசன். போய் ஒட்டிக் காட்டும்."
தலையாட்டிக்கும் ஒரு தலையாட்டி.
சிரிப்பு வந்தது. உடம்பு குலுங்கியது.
நடுக்கம் என்று நினைத்து நேர்ஸ் ஓடிவந்து
துளி விழும் வேகத்தைக் குறைத்தாள்.

நல்லதும் போகுமாம், கெட்டதும் போகுமாம்.
ஆறு மாதத்துக்கு உடம்பு புதுசாய் ஒன்றும் படிக்காது,
தடுப்பூசி போட்டாலும் ஏறாது,
சனத்துக்குள் போனால் மாஸ்க் போடவேணும்.
"பழசு?"
"பழசு கொஞ்சம் இருக்கும்.
மச்சைக்குள்ள குடியேறின கிழட்டுக் கலங்கள இந்த ஊசி தொடாது."
ஓம், என்றேன்.
அது எனக்குத் தெரியும்.

எண்பத்திரண்டாயிரம் வந்த கிழமை
களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போனேன்.
எருமைத் தயிர்ச் சட்டிகளுக்குப் பின்னால்
பலகையில் குந்தியிருந்தான்,
செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு.
பதினாலு வருஷமாய் இவனிடம்தான் வாங்குகிறேன்.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
அந்த நகம் பிறகு முளைக்கவேயில்லை.

இன்றைக்கு என்னை மட்டுக்கட்டவில்லை.
வாயும் மூக்கும் மூடி, மேலே இரண்டு கண் மட்டும்.
பக்கத்தில் நின்ற பெட்டை என்னைக் கேட்டாள்:
"இவர்ட தயிர் நல்லமா அக்கா?"

சட்டியைத் துடைத்த கை நின்றது.
என் கண்ணையே பார்த்தான்,
நெடுநேரம்,
வரிசையில் நிற்கிறவன்போல.

தலையை அசைக்காமல்
வாயால் சொன்னேன்:
"கொஞ்சம் புளிப்பு."