அவர் யோசிக்கிறார்

வுப்பர்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு போகும்.
கீழே ஆறு, மேலே தண்டவாளம்.
நான்கு நிமிடத்துக்கு ஒன்று
இந்த ஆய்வுக்கூட ஜன்னலைக் கடக்கும்.

என் வேலை,
சுகிர்தா தன் ஏழு மாத மகனோடு பேசியதை
வீடியோவில் கேட்டு ஜெர்மனில் எழுதித் தருவது.
தாளின் ஓரம் இரண்டு பெட்டிகள்:
பிள்ளையின் மனதைச் சொன்னாளா,
சொன்னது பொருந்தியதா.

“அவர் யோசிக்கிறார்.
உந்த ரயில் விழாதோ எண்டு யோசிக்கிறார்.”

அவர்.
பல் முளைக்காத,
தன் காலுறையையே தின்றுகொண்டிருக்கிற அவர்.
ஜெர்மனுக்குப் போகையில் அந்த மரியாதை
எங்கோ கழன்று விழுந்துவிடுகிறது.
முதல் பெட்டியில் ஒரு கோடு. இரண்டாவதிலும்.

அடுத்தது பிழை.
“முயலைக் கண்டு பயமோ உங்களுக்கு?”
பொம்மையை எடுத்து ஒளிக்கிறாள்.
அவன் முதுகை வில்லாக வளைத்து அலறுகிறான்.
“இல்லையோ? பயமில்லையோ?
பொறுங்கோ, பொறுங்கோ...
ஓ, அதின்ரை கண்ணோ! மினுங்குது என்ன?
அம்மா பிழையா விளங்கிப்போட்டன்.”

பதினொரு வினாடி.
பிழைக்கு ஒரு கோடு போட்டேன்.
திருத்தியதற்குப் பெட்டி இல்லை.
பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்தேன்.
ஃப்ராவ் ப்ரெமர் பார்த்தார், அழிக்கவில்லை.

மறு வருடம் மிதுரன் நடந்தே வந்தான்.
அதே அறை. இம்முறை
தாய் வெளியே போக வேண்டும், மூன்று நிமிடம்.
கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள், ஒரு கடிகாரம்.
கதவு சாத்தியதும் அவன் உடம்பு முழுக்க அழுதது.
நடுவில் ரயில் ஒன்று போனது.
அழுகையை நிறுத்தி அதைப் பார்த்தான்.
பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதான்.

மூன்று நிமிடம் முடியுமுன்பே அவளை உள்ளே அனுப்பினோம்.
ஓடி வந்து கழுத்தில் முகம் புதைத்தான்.
மூக்குச் சளியெல்லாம் அவள் சட்டையில்.
முகத்தை எடுக்காமலே
ஒரு விரல் மட்டும் ஜன்னல் பக்கம் நீண்டது.

“ஓம், போட்டுதோ?
நான் இல்லாத நேரமோ போனது?”

இறங்கினான். பொம்மைகளிடம் போனான்.
ஃப்ராவ் ப்ரெமர் ஓர் எழுத்தைக் குறித்தார்.

அன்றிரவு என் மகள் நிலானியின் அறை சாத்தியிருந்தது.
பதினான்கு வயது.
“கணக்குப் பரீட்சைதானே? பயமா இருக்கா?”
“இல்ல.”
வழக்கமாக இந்த இடத்தில்
நான் சமையலறைக்குத் திரும்பிவிடுவேன்.

“பொறுங்கோ” என்றேன்.
திருச்சியில் யாரும் சொல்லாத சொல்.
“பொறுங்கோ, நான் பிழையா விளங்கிட்டேன்.”

உள்ளே நாற்காலி நகர்ந்தது.
“யார்கிட்டம்மா பேசுற?”
என்று கேட்டாள்.

கேட்டாளே.