திறப்புக் கோர்வை

இளவாலையில், றோட்டுக்கரை வளவில்
ஒன்பது அறை வீடொன்று என்னிடம் இருக்கிறது.
என்னுடையதல்ல. திறப்பு மட்டும் என் மடியில்.
பதினாறு திறப்பு, ஒரே கோர்வை,
செபமாலையை விடப் பாரம்.

சனிக்கிழமைகளில் போய் யன்னல்களைத் திறப்பேன்.
என் காலடி மாபிளில் படியாமல்
பின்பக்கமாய் நடந்தபடி துடைக்கப் பழகிவிட்டேன்.
சோபாவின் பொலித்தீன் உறையைக் கழற்றக் கூடாது.
உறையைத் துடைக்க வேணும்,
துடைத்த உறைக்கு மேல் ஒரு சீலை போட வேணும்.
குசினி இரண்டு. ஒன்று சமைக்க,
மற்றது படம் எடுக்க.
இரண்டிலும் இதுவரை ஒரு தீக்குச்சி கிழிபடவில்லை.
சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு பேர் இருக்கலாம்,
நெருங்கினால் பதின்மூன்று.
ஒருவரும் அதில் இன்னும் அப்பம் பிட்கவில்லை.

கமரா ஏழு.
இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே முதல்நாள் இரவு.
றெஜிஸ் அண்ணை பாரவண்டியைப் பனியில் ஓரங்கட்டிவிட்டு
தன் வீட்டைப் பார்ப்பார்.
தலைக்கு மேலிருந்து ஒரு குரல்
என் பேரைச் சொல்லிக் கூப்பிடும்.
ஆலயத்தில் படுத்திருந்த சின்னச் சாமுவேல் போல
துடைப்பத்தோடு நிமிர்ந்து
"இந்தா நிக்கிறன்" என்பேன்.
"எமல்டா, மேற்குத் தூணில் ஒரு பல்லி."

தாயின் அடக்கத்துக்கு அவர் வரவில்லை.
அந்த மாதம் கூரைக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது.
நாங்கள்தான் தூக்கினோம். மழை பெய்தது.
ஒரு போனைக் குடைக்குள் பிடித்தபடி
யாரோ ஒரு பொடியன் குழியடி வரை வந்தான்.

தவக்காலத்தில் சுவாமி
பொன் கன்றுக்குட்டியைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார்.
கைவளையலும் காதுத்தோடும் கழற்றிக் கொடுத்த சனத்தைச் சொன்னார்.
நான் மூன்றாம் வாங்கில் இருந்து
உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.
கன்று எங்கே நிற்கிறதென்று எனக்குத் தெரியும்.
அதன் குளியலறைகளைக் கழுவுகிறவள் நான்.

போன சனிக்கிழமை குரல் வந்தது. பல்லி இல்லை.
"எமல்டா, கொஞ்சம் இருமன்."
"எங்கை அண்ணை?"
"எங்கையெண்டாலும். சோபாவிலை.
ஆரும் இருந்து நான் பார்க்கேல்லை."

இருந்தேன். பொலித்தீன் நறநறத்தது.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை,
துடைப்பத்தை மடியில் வைத்தேன்.
பத்து நிமிடம் இருக்கும். அவர் ஒன்றும் கதைக்கவில்லை.
கமராவின் சிவப்புப் புள்ளி மட்டும்
அழுது முடித்த கண் போல.
பிறகு, "சரி, போம்" என்றார்.

சைக்கிளில் வரும் வழியெல்லாம்
அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்தது.

என் வீட்டுச் சுவரில் திருஇருதயப் படம் இருக்கிறது.
நான்கு வருடமாய் அது முன்னுக்குச் சரிந்தே நிற்கிறது.
பின்னால் செருகியிருப்பது நெவினின் பாஸ்போட்,
மூன்று தரம் இல்லையென்று திரும்பி வந்தது,
நாலாம் தரத்துக்கு ஏஜென்சிக்காரன் கேட்ட கணக்கு எழுதிய துண்டு,
என் தாலிக்கொடியின் அடகுச் சீட்டு.
ஓம். நானும் கழற்றித்தான் கொடுத்திருக்கிறேன்.

ஒவ்வொரு இரவும் முழங்காலில் நிற்கிறேன்.
அவர் தன் நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார்,
என் கண் அதில் நிற்பதில்லை,
அவரைத் தாண்டி
சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள
அந்த இடைவெளிக்குள் போகிறது.
"பிதாவே" என்று நான் தொடங்குவது
ஒரு நீல மட்டைக்கு.

அன்றிரவு எல்லாவற்றையும் உருவி எடுத்து
அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
நெவின் போனிலிருந்து தலை தூக்கி
"என்னம்மா, விசா வந்திட்டுதோ?" என்றான்.
இல்லை என்றேன்.
படம் சுவரோடு ஒட்டி நேராக நின்றது.
அவர் முகம் இவ்வளவு கிட்டவா என்று இருந்தது.

முழங்காலில் நின்றேன். கன நேரம்.
ஒரு சொல்லும் வரவில்லை,
கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் அவரோடு
எப்படிக் கதைப்பதென்று
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு தரம், ஒரே ஒரு தரம்,
அரிசி வாளிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.
அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.