பெரிய பல்லி

சொல்லுக்கு மூன்று ரூபாய்.
கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணைக்குப்
பெயர்ப் பலகைகள் தமிழாக்கும் வேலை.
'க்ராக்கடைல்' இருந்த இடத்தில்
'முதலை' என்று தட்டினேன். மூன்று ரூபாய் ஆயிற்று.

அதோடு விட்டிருக்கலாம்.
அகராதியைத் திறந்துவிட்டேன்.

கிரேக்கத்தில் குரோகொதெய்லோஸ்.
கூழாங்கல் ஒன்று, புழு ஒன்று,
சேர்த்து முடிந்த சொல் என்கிறார்கள்;
உறுதியில்லை என்று அகராதியே தலையைச் சொறிகிறது.
கல்வேலி இடுக்கில் வெயில் காய்ந்த
ஏதோ பல்லிக்கு யாரோ வைத்த பெயர்.

பிறகு நைல் நதிக்குப் போனவர்கள் முன்
சேற்றில் கிடந்த மரம் ஒன்று கண் திறந்தது.
அதற்கு அவர்களிடம் சொல் இல்லை.
ஓடுகிறவன் நின்று புதுச்சொல் செய்வானா?
வீட்டு வேலியில் இருந்ததை எடுத்துக் கத்தினான்.

அந்தக் கத்தல் லத்தீனுக்குப் போனது.
ஸ்பானிய வாயில் ரகரம் பின்னுக்கு வழுக்கி
கொகொத்ரீலோ ஆனது.
சிரிக்க வேண்டாம், நம்மிடமும்
மதுரை மருதை, குதிரை குருதை.
ரஷ்யாவில் அது க்ரகதீல்.
ரங்கநாதன் தெருவில்
சட்டை மார்பில் பச்சை நூலாய் வாய் பிளந்து
இருநூற்றைம்பதுக்குத் தொங்குகிறது.

நமக்கு அந்தப் பஞ்சம் இல்லை.
முதலை, இடங்கர், கராம்.
இரண்டு எப்போதோ மூழ்கிவிட்டன,
குமிழிகூட இல்லை.

கோப்பை அனுப்பிய வாரம் புயல்.
மேடவாக்கம் தாண்டி, ஏரி எது சாலை எது
என்று தெரியாத இரவு.
எனக்கு முன்னால் போன வண்டியில்
பக்கத்து அறை ஸோதன்புயா,
முதுகில் யாருடையதோ பிரியாணி.
மிசோரத்துக்காரன். இங்கே எல்லோருக்கும் ஜோதி;
அவனும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

விளக்கொளியில் இரண்டு கங்கு.
அவசரமே இல்லாமல்
வாலை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தது.

அவனிடம் இருந்த தமிழ் கொஞ்சம்.
பாதி கடையில் பொறுக்கியது,
ஒன்று எங்கள் டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து.
வண்டியைப் போட்டுவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தான்:
"அண்ணா, நில்லு! பல்லி! பெரிய பல்லி!"

முதலை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பல் கிட்டியது.
இரண்டு பேரும் இடுப்பளவு மழையில்
தூண் போல நின்றோம்.

பதினொன்றரைக்குத்தான் பொட்டலம் போய்ச் சேர்ந்தது.
ஏன் தாமதம் என்று கேட்ட கதவிடம்
உள்ளதைச் சொன்னான்:
"ரோட்ல பெரிய பல்லி, சார்."

ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார்கள்.