ஒண்ணு

வங்கியின் இரும்புக் கதவு இறங்கியபின்
இந்த ஊரில் எனக்கு வேலையில்லை.
திருப்பாப்புலியூர் லாட்ஜில்
கட்டில் உண்டு, கொசுவத்தி உண்டு,
முன்பு தங்கியவர் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு உண்டு.
மூன்று மாலை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் கெடிலம் பாலத்தைத் தாண்டி நடந்தேன்.
தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.
இருட்டு இருந்தது.
மஞ்சக்குப்பத்தில் ஒரு சுவரொட்டி.
கதாநாயகனின் மூக்கிலிருந்து கீழே
யாருக்கோ கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள்.
படத்தின் பெயர் பாதிதான் தெரிந்தது.
போதும்.

‘எத்தினி?’
‘ஒண்ணு.’
‘ஒண்ணா?’
கம்பிக்குள் இருந்த கை நின்றது.
இருபத்து நாலு வருடம் கணக்கு பார்த்தவள்,
அந்த எண்ணை இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.
‘சாரு வண்டி உட்டுட்டு வராரா மேடம்?’
‘இல்ல.’
கை கொஞ்சம் யோசித்தது.
பிறகு சுவரோரம், மின்விசிறிக்கு நேர் கீழே
ஓர் இடம் கிழித்துக் கொடுத்தது.

இரண்டு கைப்பிடியும் எனக்கே.
எதில் கை வைப்பது?
கைப்பையை மடியிலா காலடியிலா பக்கத்து நாற்காலியிலா
என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்ததில்
பெயர் போட்டு முடித்துவிட்டார்கள்.

நாகர்கோவிலில் என் இடம் நடுவில்.
இந்தப் பக்கம் ஜெயசிங், அந்தப் பக்கம் ஷெர்லின்.
இவருக்குக் கொலைகாரன் யாரென்று முதல் ரீலிலேயே தெரியும்,
என் காதில் சொல்லியாக வேண்டும்.
அவளுக்குச் சண்டை தொடங்கினால் ஒன்றுக்கு வரும்.
இத்தனை வருடத்தில் நான் பார்த்த படங்களில்
சண்டை முடிந்த பிறகு ஏன் எல்லோரும் அழுகிறார்கள்
என்று எனக்கு விளங்கியதேயில்லை.

பதினேழு பேர். இரண்டு தடவை எண்ணினேன், பழக்கம்.
துறைமுகத்துப் பையன்கள் நாலு பேர், சட்டையில் ஐஸ் வாடை.
பாதிச் சீருடையில் ஒரு போலீஸ்காரர் தூங்கினார்.
திரையில் மாமனார் கதவென்று நினைத்து
பீரோவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார்.
யாரும் சிரிக்கவில்லை.
நான் சிரித்துவிட்டேன், தனியாக, உரக்க.
பையன்கள் திரும்பினார்கள்.
நான் சிரித்ததைப் பார்த்து அவர்களும் சிரிக்க,
போலீஸ்காரர் எழுந்து
‘இன்னாடா ஆச்சு’ என்றார்.

இடைவேளையில் போன்.
‘எங்க நிக்க?’
‘ரூம்ல.’
‘ஒரே சத்தமா கெடக்கு?’
‘டிவி.’
‘என்ன படம்?’
தெரிந்த பாதியைச் சொன்னேன்.
‘அது தியேட்டர்லல்லா ஓடுது!’
‘இங்க கேபிள்ல திருட்டுத்தனமா போடுதான்.’
கடலூரில் நான் கண்ணால் காணாத
ஒரு கேபிள்காரன் மேல்
ஆதாரமில்லாமல் குற்றம் எழுதிவிட்டேன்.

அவர் கோபிக்கிறவர் இல்லை.
‘தனியாவா?’ என்பார், அவ்வளவுதான்.
அதை இன்று ஒருமுறை கேட்டாயிற்று.

இரண்டாம் பாதியில் மின்சாரம் போனது.
ஒரு பையன் போன் விளக்கைப் போட்டு
நான் இருந்த பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு
தன் கூட்டத்தோடு பேசப் போனான்.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
ஜெனரேட்டர் வந்ததும் எடுத்துக்கொண்டான்.

திரும்பும்போது பாலத்தின் மேல்
காற்று தெற்கிலிருந்து மாறியது.
சிப்காட்டின் அழுகிய முட்டைக்கோஸ் வாடை.
மூக்கைப் பொத்தாமல் நடந்தேன்.
கொலைகாரன் அந்த மாமனார்.
யாரும் சொல்லாமல் நானே கண்டுபிடித்தேன்,
தப்பாகத்தான், முதலில் டாக்டர் என்று நினைத்தேன்.

காலையில் நகைக்கடன் பேரேட்டை நீட்டிக்கொண்டே
காசாளர் பாடலீஸ்வரன்,
‘படம் எப்டி மேடம்?’
பேனா நின்றது.
‘டிக்கெட் குடுத்தது எங்க மச்சான்.
ஃபேன் ஓடுற சீட்டு அது ஒண்ணுதான், ஓடுச்சா?’

மூன்றரைச் சவரன் சங்கிலி, கெடு தாண்டி நாலு மாதம்.
பச்சையில் ஒரு கோடு போட்டேன்.
‘ஓடுச்சு’ என்றேன்.
பக்கம் புரட்டினேன்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
‘அந்தப் படத்துக்கு முழுப் பேரு என்ன சார்?’