எட்டாவது கட்டில்

தேக்கா சந்தையில், மீன் கழுவிய ஈரம்
செருப்பில் ஒட்டிக்கொள்ளும் பக்கம்,
தே ஓ சிந்திய மேசையில்
மூன்று கப்பல்களை விரித்து வைத்திருக்கிறாள் தவமணி.
ஒன்றுக்குச் சிவப்புப் புகைபோக்கி.
ஒன்றின் வயிற்றில் திமிங்கிலம் வரைந்திருக்கிறார்கள்.
மூன்றாவது வெறும் வெள்ளை.
மருத்துவமனை மாதிரி இருக்கிறது என்றார் குலசேகரன்.

பேரப்பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடாது,
இது ஒன்றுதான் சண்டையில்லாமல் முடிவானது.
அதையும் புஷ்பராணி
இரண்டு தரம் சொல்லச்சொல்லிக் கேட்டுச்
சந்தோஷப்பட்டாள்.

ஷம்சுதீனுக்கு ஹலால் அடுப்பு தனியாக வேண்டும்.
லோகநாயகி வெள்ளிக்கிழமை சைவம்,
கப்பல் புறப்படுவதோ வெள்ளி.
சூதாட்டக்கூடம் உண்டா என்று கேட்ட குலசேகரன்
மனைவி முகத்தைப் பார்த்து
"இருந்தால் வேண்டாம் என்று சொல்லத்தான்" என்றார்.
பினாங்கா, புக்கெட்டா,
இல்லை, எங்கும் போகாமல்
நடுக்கடலில் இரண்டு இரவு சுற்றிவிட்டு
ஏறிய துறைக்கே திரும்பும் கப்பலா?
"அதுக்கு எதுக்குக் காசு?
வட்டப்பாதை ரயில்ல உக்காந்தா போதாதா?"
ஹமீதா.

கணக்கு என் வேலை.
உட்லண்ட்ஸ் ஆலையில் பதினாறு வருடம்
நாங்கள் இரவு முறை பார்த்தபோதும்
சீட்டுப் பணம், தீபாவளிப் பணம்,
யார் பிரசவத்துக்கு யார் எவ்வளவு,
எல்லாம் என் நோட்டில்தான்.

கப்பல்காரர்களுக்கு மனிதர்களை
இரண்டிரண்டாகத்தான் எண்ணத் தெரியும்.
ஷம்சுதீனும் ஹமீதாவும் ஓர் அறை.
குலசேகரனும் புஷ்பராணியும் ஓர் அறை.
அக்கா தங்கை, தவமணியும் லோகாவும் ஓர் அறை,
குறட்டைக்கு யார் பொறுப்பு என்பது பிறகு.
மிச்சம் நான்.

சிவப்புப் புகைபோக்கி என்னிடம் இரண்டு மடங்கு கேட்டது.
திமிங்கிலம் ஒன்றே முக்கால்.
வெள்ளை ஒன்றரை.
ஆளில்லாத கட்டிலுக்கு
விரிப்பு மாற்ற வேண்டாம்,
காலையில் அது முட்டை கேட்காது,
ஆனாலும் வாடகை உண்டு.
துறைமுக வரியும் இரண்டு பேருக்கா என்று
வெள்ளைக் கப்பலின் தமிழ்ப் பையனிடம் கேட்டேன்.
"இல்லைங்க மேடம்.
வராதவங்களுக்கு வரி கிடையாது."
சொல்லும்போது குரலைத் தாழ்த்தினான்.
யாரோ இறந்துவிட்டதாக நினைத்திருப்பான்.
அப்படி யாரும் இல்லை, தம்பி.
ஆரம்பத்திலிருந்தே என் வீட்டில் கட்டில் ஒன்றுதான்.

ஏழு பேரும் பங்கு போட்டுக் கட்டிவிடலாம் என்றார் ஷம்சுதீன்.
மாட்டேன் என்றேன்.
எத்தனையோ செலவைப் பங்கு பிரித்தவள்தான்.
அந்தக் காலி இடத்தில் மட்டும்
பங்கு கொடுக்க மனமில்லை.

அப்போதுதான் புஷ்பராணி கேட்டாள்:
"மூணு மணிக்கு என்ன கிடைக்கும்?"

மேசை அமைதியானது.
ஆலை மூடி ஒன்பது வருடம்.
இன்னும் விடிகாலை மூன்றுக்கு
ஐந்து பேட்டைகளில், ஐந்து வீடுகளில்
ஏழு பேருக்கும் விழிப்புத் தட்டுகிறது.
அது எங்கள் சாப்பாட்டு மணி.
குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து
அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன் என்றார் குலசேகரன்.
நானும், என்றார்கள் இரண்டு பேர்.

மூன்று எண்களையும் மறுபடி அழைத்தேன்,
எல்லோருக்கும் கேட்கும்படி.
சிவப்பில் பதினொன்றுக்கு அடுப்பு அணைந்துவிடும்.
திமிங்கிலத்தில், இயந்திரத்தில் காசு போட்டால்
கோப்பை நூடல்ஸ் விழும்.
வெள்ளையில் அதே பையன் யோசித்தான்.
"கீழ்த்தளத்துல வேலை செய்றவங்களுக்கு
மூணு மணிக்கு முறை மாறும் மேடம்.
கஞ்சி வைப்பாங்க. சுடச்சுட இருக்கும்.
கேட்டா மேல குடுப்பாங்களான்னு
விசாரிச்சுச் சொல்றேன்."

யாரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
குலசேகரன் பணப்பையை எடுத்துவிட்டார்.
கஞ்சியில் என்ன போடுவார்கள் என்று
ஷம்சுதீன் மட்டும் முனகினார், அதுவும் எழுந்துகொண்டே.

நோட்டில் எழுதினேன். அறை நான்கு. ஆள் ஏழு.
எட்டாவது பெயருக்கான இடத்தில்
ஒரு கோடு.

அதற்குள் தவமணி என் காதருகே வந்து,
"இவ குறட்டை உனக்குத் தெரியும்ல,
ராத்திரி உன் அறைக்கு வந்துரட்டுமா?"

மூணு மணிக்கு மேல வா, என்றேன்.